கிடங்குக் கூரையிலிருந்து நான் குதித்த கதை

இயேசு மரி சூசை துணை

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
19.8.1986, செவ்வாய்க்கிழமை

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அற்புதராஜ் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் இஞ்ஞாசி தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும் அக்காவும் மலேசியாவில் குளுவாங்கில் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் ‘அனைவரும்’ என்று எழுதுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். மகன் ஜார்ஜ் ராணுவ முகாமில் இருக்கிறான். தங்கள் தங்கை தங்கள் வீட்டில் இருக்கிறாள். மிச்சம் நான், நானும் நலமாக இல்லை. ஃபோனில் பேசலாமென்றால் தாங்கள் ஃபோன் கேட்டு எழுதிப்போட்டு நாலு வருஷமாகியும் தங்கள் வீட்டுக்கு வீடியோ வந்ததே தவிர ஃபோன் வந்தபாடில்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். தங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கள் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அலமாரியில் பாஸ்போர்ட் இல்லை, அதனால் தங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். கல்யாணமாகி இந்த இருபத்துநாலு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. சண்டை போட்டிருக்கிறாள், பேசாமல் இருந்திருக்கிறாள், ஒரு தவக்காலம் முழுக்க எனக்குக் கஞ்சியே ஊற்றியிருக்கிறாள், ஆனால் எல்லை தாண்டிப் போனதில்லை. தாங்கள் பார்த்து எப்படியாவது அவளைத் திருப்பி அனுப்பி வைக்க வேண்டும். நடந்ததை அவள் சொல்லி இதற்குள் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். என் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

தாங்கள் என் வாயால் இருபது தடவையாவது கேட்ட கதைதான். 1975ஆம் வருஷம் ஒரு வெள்ளைக்காரப் படக் கம்பெனி, புதையல், கடற்கொள்ளை, துரத்தல் என்று ஒரு சண்டைப் படம் எடுக்க சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு வந்தது. நான் அப்போது அங்கே ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த என் மீசையை டைரக்டர் பார்த்தார். கொள்ளைக்கூட்டத் தலைவனின் கையாளாக நடிக்க இப்படியொரு மீசையைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்றார். ஒரு கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள், கையில் ஒரு வளைந்த கத்தி கொடுத்தார்கள். நான் கிடங்கின் ஓட்டுக் கூரைமேல் ஓடி, முப்பதடி உயரத்திலிருந்து கீழே போகும் சரக்குப் படகில் குதித்து, கதாநாயகனோடு சண்டை போட்டு, அவன் விட்ட உதையில் ஆற்றில் விழ வேண்டும். அந்தக் காலத்துச் சிங்கப்பூர் ஆறு எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். இப்போது அரசாங்கம் கழுவித் துடைத்து வைத்திருப்பதை வைத்து நினைக்கக் கூடாது. அப்போது அதில் விழுந்தவன் அடிபட்டுச் சாக வேண்டியதில்லை, மூச்சை இழுத்தாலே போதும். அப்படிப்பட்ட ஆற்றில் குதித்தவன் இந்த இஞ்ஞாசி என்று ஜார்ஜின் புதுநன்மை விருந்திலிருந்து தங்கள் மகள் கல்யாணம் வரை எல்லா விசேஷத்திலும் சொன்னேன். குதித்ததில் இடது முழங்கால் போய்விட்டது என்றும் சொன்னேன். அந்தப் படம் இங்கே தியேட்டரில் ஒரே வாரம் ஓடியது. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பார்க்க வாய்க்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

போன மாதம் தேக்காவில் அழகப்பன் வீடியோ கடைக்கு ஒரு புதுப் படம் எடுக்கப் போன இடத்தில், அலமாரியில் அதே படம் அட்டைப்பெட்டியில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. உடனே கையில் எடுத்துக்கொண்டேன். அழகப்பன் வேறு ஆவலைக் கிளப்பிவிட்டான். இது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரிஜினல், படம் முடிந்த பிறகும் எழுந்துவிடக் கூடாது, கடைசியில் தியேட்டரில் காட்டாத அரை மணி நேரம் ஸ்பெஷலாக வைத்திருக்கிறார்கள் என்றான். தியேட்டரில் காட்டாதது என்றால் என்ன அர்த்தம் மச்சான்? என் காட்சியை வெட்டியிருப்பார்கள், அதைத்தான் இப்போது சேர்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. படத்தில் நான் மொத்தம் பதினொரு விநாடி வருகிறேன். அரை மணி நேரம் கூட வந்தால் நான்தான் கதாநாயகன் என்று ஆகிவிடும். வீட்டில் வீடியோ மெஷின் இல்லாததால் போட்டுப் பார்க்காமலே முடிவு பண்ணிவிட்டேன். கிணறு வெட்டும் முன்பே தண்ணீரை விலை பேசியவன் நான்தான்.

மாதா திருநாளை ஒட்டி சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு படம் போடுவது வழக்கம். மாதா சபைத் தலைவி அல்போன்சம்மாள் ஒரு புனிதரின் சரித்திரப் படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் கமிட்டியில் எழுந்து நின்று வாதாடினேன். போன வருஷமும் புனிதர் படம்தான், பாதிப் பேர் தூங்கினார்கள், நம் கோயில் பங்கிலேயே உயிரைப் பணயம் வைத்தவன் ஒருவன் இருக்கும்போது அவனைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவன் யார் என்று நான் சொல்லவில்லை, மீசையைத் தடவிக்கொண்டேன். சாமியார் சிரித்துவிட்டுச் சரியென்றார். முடிவு ஜெபம் சொல்லும் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார். எங்கள் பங்கில் ஒரு பழக்கம் தங்களுக்குத் தெரியும், முடிவு ஜெபம் சொல்லும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்கள். தீப்பிடித்தாலும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் ஓடுவார்கள்.

நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். தங்கள் தங்கை அந்தத் திருநாளுக்கு எடுத்த மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் அல்போன்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் காட்சி வந்தது. கூரையில் நான் நிற்கிறேன், முகம் தெரிகிறது, மண்டபத்தில் விசில். அப்புறம் என் முதுகு ஓடுகிறது, குதிக்கிறது, உதை வாங்குகிறது, ஆற்றில் விழுகிறது. கைத்தட்டல் அடங்கவே இல்லை. தங்கள் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் நிஜமாகவே குதித்திருக்கலாம் மச்சான். படம் முடிந்ததும் சாமியார் ஜெபத்துக்குக் கண்ணைக் காட்டினார். நான் கையை உயர்த்தி, யாரும் எழுந்திருக்க வேண்டாம், இன்னும் அரை மணி நேரம் ஸ்பெஷல் இருக்கிறது என்று அறிவித்தேன். சாமியார் என்னைத் தடுத்திருக்க வேண்டும். தடுத்திருந்தால் அவரோடும் சண்டை போட்டிருப்பேன், அது வேறு.

அந்த ஸ்பெஷல் என்னவென்றால், அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று காட்டுவது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஷூட்டிங் நடந்தபோது தாடி வைத்த ஒருவர் சின்னக் காமெராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். ஆற்றை வேடிக்கை பார்க்க வந்தவர் என்று நினைத்து அவருக்குக் காப்பி கூட வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பாவி என்னையே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் கூரை தெரிகிறது. கூரையின் நுனியில் புகைபோக்கிக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் கட்டிய துணி கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு மணி நேரம் இப்படியே இருந்தார் என்று ஒரு வெள்ளைக்காரர் பின்னணியில் சொல்கிறார். டைரக்டர் கெஞ்சுகிறார். இரண்டு பேர் என் விரல்களை ஒவ்வொன்றாகக் குழாயிலிருந்து பிரிக்கிறார்கள், ஒன்றைப் பிரித்தால் மற்றது ஒட்டிக்கொள்கிறது.

நான் மெஷினிடம் ஓடினேன். ஓடும்போது முழங்காலை மறந்துவிட்டேன், அதையும் பலர் கவனித்திருக்கிறார்கள். நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து நான் அழுத்தியது படத்தை அப்படியே அசையாமல் நிற்கவைக்கும் பொத்தான். இருபத்தாறு அங்குல டிவியில், வாயைப் பிளந்து, கண்ணீர் மீசையில் வழிய, என் முகம் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஓடத் தொடங்கியது. இனி ஒரே வழிதான் என்று திரையை மறைத்து நின்றுகொண்டு, பிதா சுதன் போட்டு, உரத்த குரலில் முடிவு ஜெபத்தைத் தொடங்கிவிட்டேன். நூற்றிருபது பேரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆனால் காதை மூடச் சொல்லி எந்த ஜெபப் புத்தகத்திலும் இல்லையே. கண்ணை மூடிய கூட்டத்துக்கு டேப்பில் இருந்த என் குரல் தெளிவாகக் கேட்டது.

அந்தக் குரல் என்ன சொன்னது என்று எழுத வேண்டியிருக்கிறது. நான் மாதாவைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தோனியாரைக் கூப்பிட்டிருக்கலாம். பெற்ற தாயைக் கூப்பிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் தங்கள் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறேன். அதுவும் பெயர் சொல்லி. ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. வீட்டுக்கு வரணும், வந்து கூட்டிட்டுப் போ என்று வேறு. தங்களுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் அவளை ‘இந்தாம்மா’ என்பேன், பிள்ளை பிறந்த பிறகு ‘ஜார்ஜ் அம்மா’ என்பேன். எங்கள் வீட்டில் என் அப்பாவும் அப்படித்தான், அவருடைய அப்பாவும் அப்படித்தான். கல்யாண மந்திரிப்பன்று கோயிலில் சாமியார் சொல்லிக்கொடுக்க ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னதோடு சரி. இதை எழுதும்போது கூட அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. தாங்கள் முன்நின்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்தானே, தாங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னணி பேசிய வெள்ளைக்காரர், இந்த உள்ளூர் வீரர் குதிப்பதற்கு முன் ஆற்றைக் காக்கும் தம் தெய்வத்தை அழைக்கிறார் என்று விளக்கம் கொடுத்தார். அங்கேதான் மண்டபம் உடைந்தது. ஜெபத்தின் நடுவில் நூற்றிருபது பேர் சிரித்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆமென் சொன்னது சாமியார் ஒருவர்தான், அவரும் கைக்குட்டைக்குள் சொன்னார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. என்னை இறக்கிவிட்ட பிறகு எனக்குப் பதிலாகக் குதித்தது யார் என்றும் காட்டினார்கள். பத்தொன்பது வயதுச் சீனப் பெண். என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் மீசை மாதிரியே ஒன்றை ஒட்டிக்கொண்டு, கூரையில் ஓடி, குதித்து, உதை வாங்கி, அந்த ஆற்றில் விழுந்து, மீசை ஒரு பக்கம் தொங்க மேலே வந்து காமெராவைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகள் எல்லாம் அவளுக்குக் கை தட்டினார்கள். நியாயமான கைத்தட்டல்தான், எனக்கே தட்டத் தோன்றியது.

தங்கள் தங்கை சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அல்போன்சம்மாள் என்னிடம் வந்து, “உயிர் போற நேரத்துல மாதாவ விட்டுட்டு பொண்டாட்டியக் கூப்பிட்டிருக்கீங்களே, அதுவும் மாதா திருநாளுக்குப் போட்ட படத்துல” என்று கேட்டார். அது ஒரு புனிதையின் பெயரும்தானே என்று சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் புனிதையின் திருநாளை ரோமாபுரி நாள்காட்டியிலிருந்து எடுத்து இருபத்தைந்து வருஷமாகிறது என்றார். பிறகு தோளைத் தட்டி, “சனிக்கிழமை அஞ்சு மணிக்கு நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலதான் இருப்பேன் இஞ்ஞாசி” என்றார்.

வீட்டுக்கு வந்து போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவள் இரண்டு தடவை வாசலில் வந்து நின்றாள், எனக்குத் தெரிந்தது. நான் குறட்டை விட்டேன். விடிந்து பார்த்தால் சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். நேற்று அழகப்பன் ஃபோன் பண்ணி, டேப்பைக் கொண்டு வாங்கண்ணே, உங்கள் பங்கு ஆட்கள் பதினோரு பேர் அதைக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள் லா என்றான். பெட்டியைத் திறந்தேன், உள்ளே டேப் இல்லை. குப்பை போடும் குழாயில் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவளுடைய கோபம் எந்த அளவு என்று அதிலிருந்து தாங்களே தெரிந்துகொள்ளலாம்.

அவள் கோபப்படுவது சரிதான். என்னைக் குடைவது அந்தக் கூரையில்லை மச்சான், முழங்கால்தான். அந்த முழங்காலுக்கு ஒன்றுமில்லை. அந்த வருஷம் தேக்கா சந்தையில் மீன் கடை முன்னால் வழுக்கி விழுந்தேன், மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு பதினொரு வருஷமாகக் கோயிலில் முழங்கால் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிளாக்கில் லிஃப்ட் ஒன்பதாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும்தான் நிற்கும், நாங்கள் ஏழு. அரிசி மூட்டையை ஒன்பதிலிருந்து இரண்டு மாடி இறக்கியது எல்லாம் அவள்தான். தினம் சாயங்காலம் கீழே உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிடுவாள். நல்ல காலுக்குப் பதினொரு வருஷம் தைலம். அவள் கை காய்த்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இதற்கு அவள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இரண்டு நாளாகக் கதவையே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ரஷீதா பல தடவை தட்டினாள், அவளும் சிரிக்கத்தான் வந்திருப்பாள் என்று பதில் சொல்லவில்லை. மீன் குழம்பு தீர்ந்துவிட்டது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. தாங்கள் அவளிடம் நான் மாறிவிட்டேன் என்று சொல்லுங்கள், அரிசி மூட்டையை இனி நானே இறக்குவேன் என்று சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் தட்ட மாட்டாள்.

அக்காவுக்கு என் தோத்திரம். தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். தங்கள் தோட்டத்துக் கோழிகள் பெருகவும், ஃபோன் சீக்கிரம் வந்து சேரவும், தங்கள் கோபம் என் அளவில் குறையவும் தேவமாதாவை மன்றாடும்,

தங்கள் தங்கையின் தகுதியில்லாத கணவன்
இஞ்ஞாசி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ரஷீதா கதவை உடைத்துவிடுவது போல் தட்டினாள். திறந்தேன். “எத்தன தடவ தட்டுறது அண்ணே? அக்கா அன்னைக்கே சொல்லிட்டுத்தான் போனாங்க, நீங்க தூங்குறீங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க” என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்துவிடுவாளாம். டேப் குப்பையில் இல்லையாம், பையில் இருக்கிறதாம். தங்கள் வீட்டு வீடியோவில் போட்டு அண்ணனும் அண்ணியும் கேட்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். குதித்ததைப் பார்க்க இல்லையாம், கூப்பிட்டதைக் கேட்க. மண்டபத்தை விட்டு வெளியே போனது அழுகை வந்துவிட்டதால் என்றாள். “இருவத்துநாலு வருசத்துல ஒரு தடவ கூட பேர் சொன்னதில்லயாமே அண்ணே” என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தாள். முழங்கால் விஷயத்தை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அது அக்காவுக்கு முதல் வாரமே தெரியும், மீன்கடைக்காரர் சொல்லிவிட்டார் என்றாள். பிறகு எதற்குத் தேய்த்தாள் என்று கேட்டேன். “தைலம் தேய்க்கிறப்பதான் நீங்க ஒரு எடத்துல ஒக்காந்து பேசுறீங்களாம் லா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதெல்லாம் எழுதாதது மாதிரி. கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் இத்தனை பக்கம் நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை, மனசு வரவில்லை. இது வந்து சேரும்போது அவள் அங்கிருந்து கிளம்பியிருப்பாள். வந்ததும் எப்படிக் கூப்பிடுவது என்று ரஷீதா போனதிலிருந்து சமையற்கட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ‘ஜார்ஜ் அம்மா’ என்றுதான் வருகிறது. அன்றைக்குக் கீழே ஆறு இருந்தது, அதனால் தானாக வந்தது. முதலில் கையில் எழுதிப் பழகினால் அப்புறம் வாயில் வரும் என்று இந்தக் காகிதத்தின் அடியில் எழுதிப் பார்க்கிறேன். தாங்கள் சிரிக்கக் கூடாது.

பிலோமினா. பிலோமினா, பஸ் நிற்கும் இடத்துக்கு நான் வருகிறேன்.